கணப்பு அடுப்பைப் புகையவிடாமல் எரிப்பது எப்படி?

உறைபனிக் காலத்தில் உதகைக்கு அருகே தலைக்குந்தாவின் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்க வருகிறவர்கள் வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடுவார்கள். இங்கேயே குடியிருக்கிற நமக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தக் குளிரோடு இரவுகளையும் கழித்தாக வேண்டும். பழைய பங்களாக்களில் இருக்கும் திறந்த கணப்பு பார்க்க அழகாக இருந்தாலும், அது தரும் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். அதனால்தான் கதவும் கண்ணாடியும் வைத்த வார்ப்பிரும்பு அடுப்பை இப்போது பலர் வாங்கி வைக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அதை முறையாக எரிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு குளிர்காலங்கள் பிடித்தன. அவற்றில் கற்றதை ஒரே வரியில் சொல்வதானால், இந்த அடுப்பில் பயப்பட வேண்டியது கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்கு அல்ல, புகைந்துகொண்டிருக்கும் நெருப்புக்குத்தான். கீழே சொல்லும் விதிகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவையே.

முதலில் விறகு. வெட்டிய உடனே ஒரு மரத்தின் எடையில் பாதி அளவுக்கு நீர் இருக்கலாம். அடுப்புக்கு ஏற்ற விறகில் அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஈர விறகு பத்துக் கிலோவை அடுப்பில் வைத்தால் அதிலுள்ள நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிய பிறகுதான் நெருப்பு நம் பக்கம் திரும்பும். அதுவரை மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் எரியாமல் புகையாகவே மேலேறி, குளிர்ந்த குழாயின் உட்சுவரில் கறுத்த பிசினாகப் படிகின்றன. கிரியோசோட் எனப்படும் இந்தப் பிசின் தானே ஒரு எரிபொருள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையில் விறகு காய்வதற்குக் காலம் பார்த்தாக வேண்டும். உதகைப் பக்கம் ஆடி மாதத்துச் சாரலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும், இரண்டுக்கும் இடையில் விழும் மூடுபனியும் விறகைக் காயவிடுவதில்லை. நமக்குக் கிடைக்கும் நல்ல வெயில் ஜனவரியிலிருந்து மே வரைதான். ஆகவே இந்த டிசம்பருக்கு வேண்டிய விறகைக் கடந்த ஜனவரியிலேயே வாங்கிப் பிளந்து அடுக்கியிருக்க வேண்டும். குளிர் வந்த பிறகு விறகுக்கடைக்கு ஓடுவது தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதற்குச் சமம். அடுக்கும்போது தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். தார்ப்பாயால் நான்கு பக்கமும் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று விறகு பூஞ்சணம் பிடிக்கும்.

இங்கு கிடைப்பவற்றில் எனக்குப் பிடித்தது சீகை எனப்படும் வாட்டில் மரம். ஒரு காலத்தில் தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட இந்த மரம் கனமானது. நிதானமாக எரிந்து நல்ல தணலைத் தரும். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸும் காய்ந்துவிட்டால் மிகுந்த சூடு தருவது, ஆனால் நார் முறுக்கிக்கொண்டிருப்பதால் காய்ந்த பிறகு கோடரிக்கு மசியாது. ஈரமாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். சில்வர் ஓக் சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். பைன், சைப்ரஸ் சுள்ளிகளும், தேயிலைக் கவாத்தில் கழியும் மிலாரும் பற்றவைப்பதற்கு நல்லவை. சொந்த நிலத்து மரமானாலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடப்பில் இருப்பதால், அனுமதியில்லாமல் வெட்டிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல நேரக் கூடாது.

காய்ந்ததா என்பதை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எங்கள் முதல் குளிர்காலத்தில் "ஒரு வருஷம் காஞ்ச கட்டைங்க" என்ற உறுதியோடு இறங்கிய சுமை, அடுப்பில் வைத்ததும் வெட்டுமுனையில் நுரை தள்ளிச் சீறியது. இரண்டே நாளில் அடுப்பின் கண்ணாடி தார் பூசியதுபோல் ஆயிற்று. காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கையோடு வரும், இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரக் கட்டை பொத்தென்றுதான் சத்தமிடும். ஐயமிருந்தால் ஒரு கட்டையில் குறியிட்டு, மாதம் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். வெயில் மாதங்களில் எடை குறைவது நிற்கும்போது அந்த அடுக்கு தயாராகிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுப்பைப் பொருத்தும் வேலையில் நம் மலை வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: பலகை பாவிய தரை, பலகை சீலிங், அதற்கு மேல் தகரக் கூரை. மறைப்பு எதுவும் இல்லாத மரச்சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் மூன்று அடி இடைவெளி வேண்டும். இடம் போதாவிட்டால், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கீழும் மேலும் காற்று புகுந்து வரும்படி தகரத் தடுப்பு ஒன்றை நிறுத்தலாம். சுவரோடு ஒட்டி அடித்த தகரத்தால் பயனில்லை, அது சூட்டை மரத்துக்கே கொண்டுபோகும். அடுப்பின் அடியில் கல் அல்லது ஓடு பதித்த மேடை இருக்க வேண்டும். கதவு திறக்கும் பக்கம் அது ஒன்றரை அடியாவது நீண்டிருந்தால்தான் தெறிக்கும் கங்கு பலகையில் விழாது. ஒற்றைத் தகரக் குழாயைச் சீலிங் வழியாக ஒருபோதும் ஏற்றக் கூடாது. அங்கிருந்து மேலே வெப்பக்காப்பு வைத்த இரட்டைக் குழாயும், அதைச் சுற்றி இரண்டு அங்குல வெற்றிடமும் தேவை.

குழாயின் உச்சி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து மூன்று அடியாவது உயர்ந்தும், பத்தடி தூரத்துக்குள் உள்ள கூரை முகடு, சுவர் எதுவானாலும் அதைவிட இரண்டடி உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை வீட்டுக்குள் திரும்பும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான் என்பதால் புகைக்குழாயின் இழுப்பும் அதற்கேற்பக் குறையும். சமவெளிக் கணக்கை நம்பிக் குட்டையாக நிறுத்திய குழாய் இங்கே சண்டித்தனம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாய்த் துண்டுகளைக் கோக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நெளிவு வைத்துச் சுருக்கிய முனை ஒன்று இருக்கும். அது கீழ்நோக்கி, அதாவது அடுப்பை நோக்கி, அடுத்த துண்டுக்குள் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் பொருத்தியவர் அதை மேல்நோக்கி வைத்துவிட்டுப் போனார். மழைநீர் வழிந்தோடக் கூரை ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் முறை தெரிந்த எவருக்கும் பிழை கண்ணில் பட்டிருக்கும், எனக்குப் படவில்லை. ஈர விறகும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் வாரத்தில் குழாய் மூட்டு ஒவ்வொன்றிலிருந்தும் பாகுபோல ஒரு கறுப்பு நீர் வெள்ளைச் சுவரில் வழிந்தது. அந்தக் கறையை எந்தச் சுண்ணாம்பும் இன்றுவரை மறைக்கவில்லை.

பற்றவைக்கும் முறைக்கு வருவோம். பனி இறங்கிய மாலையில் புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனத்து நிற்கும். அப்படியே தீ வைத்தால் முதல் புகை அறைக்குள்தான் வரும். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் வாயருகே சிறிது நேரம் பிடித்தால் இழுப்பு தொடங்கிவிடும். பிறகு கீழே இரண்டு மூன்று கட்டைகள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் மிலாரும் தாளும் என்று அடுக்கி, மேலிருந்து தீ வையுங்கள். நம் சமையல் அடுப்புப் பழக்கத்துக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் தீ மேலிருந்து கீழே இறங்கும்போது, கீழ்க் கட்டைகளிலிருந்து எழும் வாயு மேலே உள்ள சுவாலை வழியாகவே போக வேண்டியிருப்பதால் புகையாகாமல் எரிந்துவிடுகிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் ஊற்றக் கூடாது; பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் ஆகியவற்றை உள்ளே போடவும் கூடாது.

காற்றுத் திறப்புகள் எல்லாம் முதல் கால் மணி நேரம் முழுக்கத் திறந்திருக்கட்டும். குழாயும் அடுப்பும் நன்றாகச் சூடேறிய பிறகு கீழ்த் திறப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மேல் திறப்பால் நெருப்பை நடத்த வேண்டும். சுவாலை மஞ்சளாக, உயிரோடு ஆடினால் சரி. சோம்பிக் கருஞ்சிவப்பாகிக் கண்ணாடி மங்கினால் காற்று போதவில்லை. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்ப்பதும் நல்ல சோதனை: நன்றாக எரியும் அடுப்பிலிருந்து வெப்பக் காற்றின் நடுக்கம் மட்டுமே தெரியும்.

இரவு பத்து மணிக்கு அடுப்பு நிறையக் கட்டைகளைத் திணித்து, காற்றை அடைத்து, விடியும்வரை கணகணவென்று இருக்கட்டும் என்று படுப்பது இங்கே பலருடைய வழக்கம். செய்யக் கூடாத காரியங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். விடிய விடியப் புகையும் கட்டை குழாய் முழுக்கப் பிசின் பூசுவதோடு, கார்பன் மோனாக்சைடையும் தருகிறது. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறக்கம் என்று தொடங்குவதால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் போர்த்திப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. இரும்புச் சட்டியில் கரித்தணலை அள்ளிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவடைப்பது இன்னும் மோசம். உதகையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் இப்படி இறந்தவர்களின் செய்தி வந்தபடியே இருக்கிறது. தணலில் புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசிக் கட்டையைப் போட்டு, நன்றாக எரியவிட்டு, தணல் அடங்கும்வரை காற்றை முழுக்க அடைக்காமல் விடுங்கள். சூடேறிய வார்ப்பிரும்பு அதற்குப் பிறகும் வெகுநேரம் வெப்பம் தரும்; மிச்சத்துக்குக் கம்பளி இருக்கிறது. சன்னல் ஒன்று விரலளவாவது திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டி, பேட்டரியை மாதந்தோறும் சோதித்துக்கொள்ளுங்கள். எவருக்காவது மயக்கம் தோன்றினால் எல்லோரும் முதலில் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டு, பிறகு 108ஐ அழைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் துணி காயாத வீட்டில் அடுப்புக்கு மேல் கொடி கட்டும் ஆசை வரும். ஸ்வெட்டர் நழுவிச் சூடான இரும்பில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூன்று அடிக்கு அப்பால் கட்டுங்கள்.

பராமரிப்பில் பெரிய வேலை புகைபோக்கியைத் துடைப்பது. குளிர் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, பொங்கல் வாக்கில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். நடுவிலும் படிவு மூன்று மில்லிமீட்டர் கனத்தை எட்டினால் காத்திருக்கக் கூடாது. அடிப்புறத் திறப்பில் ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பகலில் பார்த்தால் மேலே வானம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடுப்பு ஓய்ந்திருந்த மாதங்களில் பறவை கூடு கட்டியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும். குழாயின் அளவுக்கே உள்ள கம்பித் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். பொடியாக உதிரும் கரி சுலபமாக வந்துவிடும். கண்ணாடிபோல் பளபளத்து இறுகிவிட்ட பிசின் தூரிகைக்கு வராது, அதற்குத் தெரிந்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

கதவைச் சுற்றியுள்ள கயிறு போன்ற கேஸ்கட்டைச் சோதிக்க, ஒரு தாள் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் எதிர்ப்பின்றி வழுக்கி வந்தால் கேஸ்கட் மாற்றும் காலம் வந்துவிட்டது. கண்ணாடியை, அடுப்பு ஆறிய பிறகு, ஈரத் தாளில் சாம்பலைத் தொட்டுத் துடைத்தாலே போதும்.

படிந்த பிசின் குழாய்க்குள் தீப்பிடித்தால் லாரி ஏறுவதுபோல ஓர் இரைச்சல் கேட்கும். உள்ளே வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை போகலாம். அப்போது அடுப்புக் கதவைத் திறக்காமல், காற்றுத் திறப்புகளை மூடிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான இரும்பும் குழாயும் வெடிக்கும். தீ அடங்கிய பிறகும் குழாயை ஒருவர் முழுதாகப் பார்த்துச் சொல்லாமல் அடுப்பை மறுபடி மூட்டக் கூடாது.

சாம்பலை அடியில் ஓர் அங்குலம் விட்டுவிட்டு மிச்சத்தை அள்ளினால் அடுத்த நெருப்பு நன்றாகப் பிடிக்கும். அள்ளியதை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே கல்லின் மேல் நான்கு நாட்களாவது வைத்திருங்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை, மூன்றாம் நாள் கிளறியபோது எனக்கே கங்கு கண்சிமிட்டியிருக்கிறது. ஆறிய சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. புளித்த நம் மலை மண்ணில் பீட்ரூட், பூண்டு, முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு அளவாகத் தூவலாம். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர் என்பதால் அதற்கு வேண்டாம். வேலியோரத்து ஹைட்ராஞ்சியாவுக்கும் யோசித்துப் போடுங்கள். மண்ணின் புளிப்பு குறைந்தால் அதன் நீலப் பூ மெல்ல ரோஜா நிறத்துக்குத் திரும்பிவிடும்.