கல்வெட்டில் தமிழ் பொறிக்கவைத்தவரின் கல்லறை: பெய்ஜிங்கிலிருந்து ஒரு நாள் பயணம்

பெய்ஜிங் போகிற நம்மவர்கள் பெருஞ்சுவரைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, சாங்பிங் பகுதியில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மிங் வம்சப் பேரரசர்கள் 13 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். முதலில் கட்டியது யோங்லே பேரரசரின் சாங்லிங் கல்லறை. இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு நினைவிருக்கிறதா? சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதி, 1409 என்று தேதியிட்ட கல். அதன் தமிழ்ப் பகுதி, இலங்கையின் தென்முனையில் கோயில்கொண்டிருந்த தெய்வமான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. சீனக் கப்பற்படைத் தளபதி ஜெங் ஹே அந்தக் கல்லைக் கொண்டுவந்தது இந்த யோங்லேயின் பெயரில்தான். அதே 1409-ல்தான் சாங்லிங் வேலையும் தொடங்கியது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவ்வளவு தூரம் போய் இவரைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது என் ஆசை.

முதல் முறை போகிறவர்களுக்காக, வரிசையாகச் சொல்கிறேன்.

1. முந்தின இரவே செய்ய வேண்டியது

பாஸ்போர்ட்டைப் பையில் வையுங்கள். டிக்கெட் வாங்க அது வேண்டும். சீனாவில் போனிலேயே பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். கூகுள் மேப்பை நம்பாதீர்கள். நாம் பார்க்கப்போகிற சாங்லிங், திங்லிங் (இன்னொரு பேரரசரின் கல்லறை), புனிதப் பாதை (கல்லறைகளுக்குப் போகும், கற்சிலைகள் நிற்கும் பாதை) ஆகிய மூன்று பெயர்களையும் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் டிரைவரிடம் காட்டலாம். சைவம் என்றால் "வோ ச்சி சூ" என்று சொல்லப் பழகுங்கள். வழியில் சாப்பிட ஏதாவது கையில் இருப்பது இன்னும் நல்லது.

2. போகும் வழி

மெட்ரோவில் சாங்பிங் லைன் பிடித்து, மிங் டூம்ஸ் நிலையத்தில் இறங்கி, பஸ்ஸோ டாக்ஸியோ எடுங்கள். மலிவாகக் கிடைக்கும் குழுச் சுற்றுலா வேண்டாம். முதல் முறை நான் போன குழு திங்லிங்கை மட்டும் அவசரமாகக் காட்டிவிட்டு, மீதி நேரத்தைப் பச்சைக்கல் கடையில் கழித்தது. சாங்லிங்கை நான் பார்க்கவே இல்லை.

3. முதலில் சாங்லிங்

மூன்றில் தூரமானது இதுதான். காலையிலேயே போய்விட்டால் மண்டபம் அமைதியாக இருக்கும். இறந்த பேரரசருக்குப் படையல் செய்த லிங்ஙென் மண்டபத்தில் 60 தூண்கள், எல்லாமே நான்மு மரம். தென்மேற்குக் காடுகளில் வெட்டி, ஆற்று வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தவை. நடுவில் நிற்பவற்றின் குறுக்களவு ஒரு மீட்டருக்கும் மேல். இரண்டு பேர் சேர்ந்து அணைத்தாலும் விரல்கள் தொடாது. மேலே விதானம் முழுக்க வண்ணம், தூண்களிலோ ஒரு பொட்டுச் சாயம் இல்லை. அருகில் போய் மரத்தின் ரேகைகளைப் பாருங்கள். 600 வருஷத்துக்குப் பிறகும் உறுதியாக நிற்கும் மரம்!

பின்னால் இருக்கும் மேட்டுக்கு அடியில்தான் யோங்லே இருக்கிறார். அதை இன்றுவரை திறக்கவில்லை. ஏன் என்று அடுத்த இடத்தில் புரியும்.

4. திங்லிங்

1620-ல் இறந்த வான்லி பேரரசரின் கல்லறை. 1956-ல் தோண்டத் தொடங்கினார்கள். படிகள் சுமார் 27 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பளிங்குக் கதவுகளிடம் நிதானமாக நில்லுங்கள். உள்பக்கம் ஒரு கல் சட்டத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால், அது தானாகச் சரிந்து கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். தொல்லியலாளர்கள் இடுக்கு வழியே வளைந்த கம்பியை நுழைத்து, அந்தக் கல்லை நிமிர்த்தித்தான் உள்ளே போனார்கள்.

உள்ளே இருக்கும் சிவப்புச் சவப்பெட்டிகள் நகல்கள். வெளிக்காற்று பட்டதும் பட்டுத்துணிகள் நிறம் மங்கி நொறுங்கின. 1966-ல், கலாச்சாரப் புரட்சியின்போது, பேரரசர், இரண்டு பேரரசிகள் ஆகியோரின் எலும்புகளை வெளியே இழுத்துவந்து எரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

5. கடைசியில் புனிதப் பாதை

வடக்கிலிருந்து தெற்காக நடங்கள். முதலில் 12 கல் மனிதர்கள், பிறகு 24 விலங்குகள். ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி நிற்கும், ஒரு ஜோடி அமர்ந்திருக்கும். மண்டியிட்ட யானையைத் தவறவிடாதீர்கள். பாதை முடிகிற மண்டபத்தில், ஆமை வடிவக் கல் விலங்கின் முதுகில் பெரிய கல்வெட்டு நிற்கிறது; யோங்லேயின் புகழை அவர் மகன் ஹோங்ஷி எழுதியது. காலிக் கல்வெட்டின் படத்தைப் போனில் கொண்டுபோயிருந்தால் இங்கே எடுத்துப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டின் உச்சியிலும் டிராகன்கள்.