வாடகைப் பதிவு திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி அத்தையின் வீட்டு ஒப்பந்தத்தைப் பதிய உட்கார்ந்தேன். 11 மாத ஒப்பந்தம்தானே, ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் பதிவு தேவையில்லை என்றார்கள் பலர். இந்தச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது.

பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துகொண்டே இருந்தது. ஸ்கேனை மாற்றினேன், ஆதாரில் இனிஷியலைச் சரிபார்த்தேன், பிரவுசரைக்கூட மாற்றிப் பார்த்தேன், எதுவும் நடக்கவில்லை. அப்புறம்தான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். வீடு அத்தை பெயரில், ஆனால் வாடகை வாங்கும் மகன், உரிமையாளர் என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார்! படிவத்தில் சொத்து மேலாளருக்கு, அதாவது உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு, தனி இடமே இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. அத்தையை உரிமையாளராகக் காட்டிப் புது ஒப்பந்தம் எழுதி, மகனை அந்த இடத்தில் போட்டோம். பதிவு எண் வந்துவிட்டது, அப்பாடா.