பள்ளிச் செய்தி அப்பத்தா வரைக்கும் போய்ச் சேர

செட்டிநாட்டுக் கிராமங்களில் பல வீடுகளில் பிள்ளையைக் காலையில் தலைவாரிக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அப்பத்தாதான், இல்லையென்றால் அம்மாயி. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ திருப்பூரிலோ இருப்பார். ஆனால் பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடான எமிஸில் இருப்பது அவருடைய எண். பள்ளியிலிருந்து போகும் தகவலை அவர் வேலை முடிந்து பார்த்து, வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் கடைசித் தேதி தாண்டிவிடும். தலைமையாசிரியர் சொல்லவில்லை என்று வீட்டாரும், சொன்னோமே என்று பள்ளியும் நிற்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இடையில் அறுந்துபோன கண்ணியைக் கட்டும் வேலை தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் உரியது. இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தெருவுக்கு ஒருவர் குழுவில் இருந்தால் செய்தி பரப்ப அதைவிட நல்ல வழி இல்லை.

முதல் வேலை: வீட்டுப் பட்டியல்

ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் வீடு வாரியாக ஒரு பட்டியல் எடுங்கள். மாணவர் வாரியாக எடுத்தால் அண்ணன் தம்பி இருக்கும் வீடு இரண்டு முறை வரும், நோட்டீசும் வீணாகும். கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். பிள்ளையை யார் அனுப்புகிறார்? பகலில் வீட்டில் இருப்பது யாருடைய போன்? அது பட்டன் போனா, வாட்ஸ்அப் உள்ளதா? அந்த ஆளுக்குத் தமிழ் வாசிக்க வருமா?

நான்காவது கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. “எழுதி அனுப்பட்டுமா, பேசி அனுப்பட்டுமா?” என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும், யாருக்கும் கூச்சம் இராது.

பட்டியல் முடிந்ததும் எமிஸில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் வீட்டில் இருக்கும் எண்ணை மாற்றச் சொல்லி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்கள் அதற்குள் சில சேர்ந்திருக்கும்.

மாதம் ஒரு தாள்

வாட்ஸ்அப் எவ்வளவு பரவினாலும், சுவரில் ஆணியடித்து மாட்டி வைக்கக்கூடிய ஒரு தாளுக்கு ஈடில்லை. ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கம் போதும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. வயதானவர்கள் படிக்கும் முன்பக்கத்துக்கு 16 வையுங்கள். ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் ஆகும். வீட்டு எண்ணிக்கையைவிட 15 பிரதி கூடுதலாக எடுங்கள். ரேஷன் கடை, டீக்கடை, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களுக்கு அவை வேண்டும்.

முன்பக்கம் முழுக்கத் தேதிகள்: தேர்வு, விடுமுறை, குழுக் கூட்டம், மருத்துவ முகாம், விண்ணப்பக் கடைசி நாள். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். பின்பக்கம் மற்ற செய்திகள். அடியில் கிழித்துத் தரும் சீட்டு ஒன்று வைத்து, பிள்ளை பெயர், வகுப்பு, பார்த்தவர் கையொப்பம் அல்லது கைநாட்டு வாங்குங்கள். மூன்று நாளில் சீட்டு திரும்பாத வீட்டுக்குத்தான் குழு உறுப்பினர் நேரில் போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் நடக்கத் தேவையில்லை.

மொழியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. “உரிய ஆவணங்களுடன் குறித்த காலத்திற்குள் அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று எழுதினால் என்ன ஆவணம், எந்தக் காலம், யாரை அணுகுவது, எதுவும் அதில் இல்லை. இப்படி எழுதுங்கள்: “எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டாருக்கு: வருமானச் சான்று நகல் ஒன்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்கவும்.” யாருக்கு என்பதில் தொடங்கினால் சம்பந்தப்பட்டவர் நின்று படிப்பார்.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. தட்டச்சுக் கடையில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே அனுப்பினால் பலர் போனில் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவும் குரல் பதிவும்

வகுப்புக்கு ஒரு குழு, அட்மின் மட்டும் பதிவிடும் அமைப்பில் இருக்கட்டும். எல்லோரும் பேசலாம் என்று திறந்துவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தேர்வுத் தேதி புதைந்துபோகும். பிராட்காஸ்ட் பட்டியலை நம்ப வேண்டாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும், போகாதது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

வாசிக்க வராதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு அனுப்புங்கள். ஒரு பதிவில் ஒரே செய்தி. தேதியை முதலிலும் கடைசியிலும் சொல்லுங்கள். பட்டன் போன் வீடுகளுக்கு அழைத்துத்தான் சொல்ல வேண்டும். தெருவுக்கு ஒரு மேலாண்மைக் குழு உறுப்பினர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சில வீடுகள்தான் வரும்.

குழுவில் வரவே கூடாதவை: ஆதார் நகல், வங்கி எண், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல். பொதுத்தேர்வில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டது. வகுப்புக் குழுவில் தரவரிசை போடுவது கடைசியில் நிற்கும் பிள்ளையை ஊர் முழுக்கக் காட்டிக்கொடுப்பது. பெண் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் போடாதீர்கள்.

மழை விடுமுறை

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். விடுமுறை அறிவிப்பது அந்தந்த மாவட்ட ஆட்சியர். புதுக்கோட்டைக்கு விட்ட விடுமுறைச் செய்தி பள்ளத்தூர் வாட்ஸ்அப் குழுவில் பரவி, பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடுவது எளிதில் நடக்கும். போன வருடத்துச் செய்திப் படத்தை மறுபடி அனுப்புகிறவர்களும் உண்டு. அட்மின் பதிவிடும்போது மாவட்டத்தின் பெயர், தேதி, எந்தெந்த வகுப்புகளுக்கு என்ற மூன்றையும் எழுத வேண்டும். விடுமுறை இல்லாத நாளில் “இன்று பள்ளி உண்டு” என்று காலை 7 மணிக்கு ஒரு வரி போடுவதும் அதே அளவு முக்கியம்.

திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டால் ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். விடுமுறையைச் சொல்லும் அதே செய்தியிலேயே அந்தச் சனிக்கிழமையையும் சொல்லிவிடுங்கள்.

உதவித்தொகை: தாமதமாகும் இடங்கள்

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால், மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இதை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் வீட்டுக்கே சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

பணம் வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயமாகவே இருக்கும். வங்கிக் கணக்கு இருக்கும், ஆதாரோடு இணைந்திருக்காது. தொடங்கியபின் இரண்டு வருடம் எந்தப் பரிமாற்றமும் இல்லாமல் கணக்கு செயலிழந்திருக்கும். ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், எமிஸில் முன்னால் என்று மாறியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் பிறப்புச் சான்றோடு சரிபார்க்கச் சொல்லித் தாளில் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மதிப்பெண் சான்றில் அச்சாகிவிட்டால் திருத்த அலையோ அலை என்று அலைய வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஜூன் நெரிசலுக்கு முன்பே, மே மாதத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஊருக்குச் சொல்வதும் ஊரிடம் கேட்பதும்

ஓடு உடைந்தது, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றால் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, எண்ணும் தேதியும் குறித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடப் பழுது ஒன்றிய அலுவலகம் வழியாகத்தான் நடக்கும். ஆசிரியர் பணியிடம் பற்றியது என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். காரைக்குடியைச் சுற்றியுள்ள பல ஊராட்சிகள் சாக்கோட்டை ஒன்றியத்தில் இருப்பதால் முகவரியில் காரைக்குடி ஒன்றியம் என்று எழுதிவிடாதீர்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அதற்கு முந்தைய மாதத் தாளிலேயே பள்ளிக் கோரிக்கையை அச்சிட்டால், சபையில் எழுந்து பேச நான்கு பேராவது தயாராக வருவார்கள். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்ணும் ஒவ்வொரு மாதமும் தாளில் இருக்கட்டும்.

முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து, கடல் தாண்டியும் முன்னாள் மாணவர்கள் வருகிறார்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். “இரண்டு வகுப்பறைக்கு நான்கு மின்விசிறி” என்று எழுதுங்கள். நன்கொடையைத் தனி ஒருவரின் ஜிபே எண்ணுக்கு வாங்காதீர்கள். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்தின் இணையதளம் வழியாகவோ பள்ளிக் கணக்கிலோ மட்டும் வாங்கி, வந்த தொகையையும் செலவையும் அடுத்த தாளில் போடுங்கள்.

குழு மாறும்போது

மேலாண்மைக் குழு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். ஆசிரியர்கள் கலந்தாய்வில் மாறுதலாகிப் போவார்கள். அட்மின் ஒரே ஆசிரியராக இருந்தால் வாட்ஸ்அப் குழுவும் அவரோடு போய்விடும். எனவே பள்ளிக்கென்று ஒரு சிம் வாங்கித் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள். தலைமையாசிரியர், மேலாண்மைக் குழுத் தலைவர் இருவரும் கூட்டு அட்மினாக இருக்கட்டும். வீட்டுப் பட்டியல் அச்சு, தாள்களின் மூலப் பிரதி, தீர்மான நகல்கள், நன்கொடை ரசீதுப் புத்தகம், சிம்மின் பின் எண் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, புதிய குழுவின் முதல் கூட்டத்திலேயே கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.