தேன் தொட்ட நிப்பிளும் விரல் சூப்பலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். முதல் குழந்தைக்கு நான் செய்த அதே தப்பைச் செய்துவிட்டு இளம் அம்மாக்கள் வந்து உட்காரும்போது மனசு ஆறுவதில்லை.

நிப்பிளை இனிப்பில் தொட்டுக் கொடுப்பது

போன வாரம் வந்த பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. மடியில் படுக்க வைத்து மேலுதட்டைத் தூக்கினேன். முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைக் கோடு. ஒரு பல்லில் அது பழுப்பாகிக் குழிந்தே போயிருந்தது. கீழ்ப்பற்களில் ஒரு குறையும் இல்லை. சூப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்ளும். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ராத்திரி தேன் தொட்டுக் குடுத்தாத்தான் தூங்குறான், டாக்டர்."

நானும் அதைத்தான் செய்தேன். அப்போது போர்ஷன் வீட்டில் குடியிருந்தோம். குழந்தை அழுதால் பக்கத்து வீடே எழுந்துவிடும். பல் மருத்துவம் படித்த நானே நிப்பிளைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். தூக்கத்தில் எச்சில் குறைவாகத்தான் ஊறும். இனிப்பு பல்லிலேயே தங்கிவிடும். கிருமிகள் அதை அமிலமாக்கி விடிய விடியப் பல்லை அரிக்கும். மூன்று வயதில் மகளுக்கு இரண்டு முன்பற்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஏழு வயதில் புதுப்பல் முளைக்கும்வரை வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள். பால்பல்தானே, விழுந்துடும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தேன் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் பாட்டுலிசம் கிருமி இருந்தால் குழந்தையின் தசைகளே செயலிழக்கும். நிப்பிளைக் கழுவி, வெறுமனே கொடுங்கள்.

நிப்பிளைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவது

கூடவே கூடாது. கழுத்தை இறுக்கிவிடும்.

விரல் சூப்பலை நிறுத்த இரண்டு வயதிலேயே வேப்பெண்ணெய், மிரட்டல்

பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதுக்குள் தாங்களே விட்டுவிடும். மிரண்ட குழந்தை இன்னும் அதிகமாகச் சூப்பும்.

நான்கு வயதுக்குப் பிறகும் சும்மா இருப்பது

மேல்பற்கள் முன்னே தள்ளி எத்துப்பல் ஆகும். மேலண்ணம் குறுகும். வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. நிரந்தரப் பற்கள் வருவதற்குள் பழக்கம் நின்றால் இந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். குறுகிய அண்ணத்துக்குச் சிகிச்சை தேவைப்படலாம். தோசையை முன்பல்லால் கடித்து இழுக்கச் சொல்லுங்கள். முடியாமல் ஓரமாகத் தள்ளிக் கடித்தால் அந்த வாரமே கூட்டி வந்துவிடுங்கள்.