அமீனா தந்த காகிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைக்காதீர்கள்

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கோர்ட்டுக் காகிதம் வந்தால் எங்களுக்கெல்லாம் முதலில் வருவது பயம்தான். என் சித்திக்கும் ஒரு சம்மன் வந்தது. அதைக் கொண்டுவந்த கோர்ட்டு ஊழியரான அமீனா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். "பைசா சேந்த பொறவு வக்கீலப் பாக்கலாம்னு நெனச்சேன் மக்களே" என்றாள். பைசா சேரவில்லை. சித்தி கோர்ட்டுக்குப் போகாததால் எதிராளி பக்கம் மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, வீட்டுக்குப் போகும் பாதையில் கம்பிவேலி விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சம்மன் கையில் கிடைத்த அன்றே வாய்தா தேதியை, அதாவது கோர்ட்டில் ஆஜராக வேண்டிய நாளை, பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். சிவில் வழக்கில் பதில் மனு போட பொதுவாக 30 நாள்.

அப்புறம் நேராக நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போய், இலவசமாக வக்கீல் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள். மேற்கே இருப்பவர்களுக்குக் குழித்துறை கோர்ட்டிலேயே அதன் வட்டக் குழு உண்டு. போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இந்த இலவச உதவி பெற வருமான வரம்பே கிடையாது. இதைத்தான் நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பலருக்குத் தெரியவில்லை. வருமானம் குறைவு என்று உதவி கேட்கிற ஆண்களும், வருமானம் இவ்வளவுதான் என்று சத்தியம் செய்து எழுதிய பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பொதுவாகப் போதும்.

உதவி கேட்கும் மனு எழுத வராதா? வாயால் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். சம்மன், ஆதார், பத்திர நகல், தீர்வை (நிலவரி) ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். மனுவின் மேல் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. வாய்தா அதற்கு முன்னால் வருகிறது என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அவர்கள் தரும் வக்கீல் உங்களிடம் பீஸ் வாங்கக் கூடாது. கேட்டால் குழுவிலேயே புகார் செய்யுங்கள், வேறு வக்கீலும் கேட்கலாம்.

ஒருதலைத் தீர்ப்பு ஏற்கெனவே ஆகிவிட்டதா? அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் உண்டு. சித்திக்கு அதுவும் கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனுவும் சேர்த்துப் போட்டிருக்கிறார் இலவச வக்கீல். வேலி இன்னும் நிற்கிறது. அடுத்த வாய்தாவுக்கு நானும் அவளோடு போகிறேன்.