கரையில் நின்றவர்கள் கண்டது: ஆஸ்திரேலியாவின் முதற் சந்திப்புகளை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"1770-ல் கேப்டன் குக் ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தார்" என்று நம் பொது அறிவு நூல்கள் இன்றும் அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து, 250-க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசிவந்த கண்டத்தைப் பற்றி எழுதும்போது, 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை எழுதிய உடனேயே நாம் கப்பலில் ஏறிக்கொண்டுவிடுகிறோம். கரையில் நின்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

இந்தப் பழங்குடி மக்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் எதிர்ப்பட்ட முதற் சந்திப்பு ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்தது என்று கருதுவதும் தவறே. டச்சுக் கப்பலான டௌஃப்கென் கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையை அடைந்தது 1606-ல். வடக்கே வாழும் யொல்ங்கு மக்களோ, மழைக்காலக் காற்றோடு இன்றைய இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து கடலட்டை எடுக்க வந்தவர்களுடன் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்தவர்கள். வெள்ளையரைக் குறிக்க அவர்கள் இன்றும் சொல்லும் 'பலண்டா' என்ற சொல், 'ஹாலந்தர்' என்பது மக்காசர் வழியாகத் திரிந்து வந்தது. மேற்குப் பாலைவனத்திலோ, வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த ஒன்பது பேர் கொண்ட பிந்துபி குடும்பம் ஒன்று உறவினரை வந்தடைந்தது 1984-ல்தான்.

அடுத்த தவறு, மாலுமிகளின் ஊகத்தை மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொள்வது. 1770 ஏப்ரல் 29 அன்று, இன்று பாட்டனி விரிகுடா எனப்படும் கமேயில், க்வியகல் மக்கள் இருவர் ஈட்டியோடு நின்று படகுகளைத் தடுத்தார்கள். 'வாரா வாரா வாய்' என்று அவர்கள் கூவியதற்குப் 'போய்விடுங்கள்' என்பதே பொருள் என்று நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அம்மக்களின் வழிவந்த தராவல் மொழியறிஞர்களோ, 'இவர்கள் இறந்தவர்கள்' என்ற பொருளையே அதில் காண்கிறார்கள். வெளிறிய தோலுடன் கடலிலிருந்து வந்தவர்களை இறந்தோரின் ஆவிகளாகக் கண்டவர்கள், தம் நிலத்தையும் குழந்தைகளையும் காக்க முன்வந்து நின்றார்கள் என்று அந்தக் காட்சியை இப்போது வாசிக்க வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டதும் சிலர் "வெள்ளையரைத் தெய்வமாக வணங்கினார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். இறந்தவர் திரும்பி வருவது வேறு, தெய்வம் இறங்கி வருவது வேறு. 1803-ல் தப்பியோடிய வில்லியம் பக்லி என்ற வெள்ளைக்காரக் கைதி, ஒரு கல்லறையில் நட்டிருந்த ஈட்டியைக் கையில் வைத்திருந்ததால், வாதாவுரங் மக்கள் அவரை இறந்துபோன தம் உறவினராகவே ஏற்றுக்கொண்டு 32 ஆண்டுகள் தம்முடன் வாழவைத்தார்கள். வணங்கவில்லை, உறவுமுறை வைத்து, சோறிட்டு, குடும்பத்தில் ஒருவராக்கினார்கள்.

எல்லாவற்றினும் என்னை வருத்தும் தவறு, காரணத்தோடு எழுந்த சினத்தைக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று எழுதுவது. பவளப்பாறையில் மோதிப் பழுதான கப்பலைச் செப்பனிட, குக்கின் ஆட்கள் இன்றைய குக்டவுனில், குகு யிமிதிர் மக்களின் மண்ணில், ஏழு வாரங்கள் தங்கினார்கள். 1770 ஜூலை 19 அன்று கப்பலுக்கு வந்த அம்மக்களின் ஆண்கள், தம் கடலில் பிடிக்கப்பட்ட ஆமைகள் மேல்தளத்தில் கிடப்பதைக் கண்டு ஒன்றைக் கேட்டார்கள்; மறுக்கப்பட்டதும் தாமே இழுத்துச் செல்ல முயன்றார்கள், அதையும் தடுத்துவிட்டார்கள். கரைக்கு வந்தவர்கள், கீல் காய்ச்சிய அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துச் சுற்றியிருந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் சுட்டார், ஒருவர் காயமடைந்தார். அந்த இடம் இரத்தம் சிந்தக்கூடாத பொது நிலம் என்பது குகு யிமிதிர் மக்களின் மரபு. அனுமதி கேளாமல் எடுத்ததும், பங்கு தர மறுத்ததும், இரத்தம் சிந்தியதும் அங்கே மூன்று பெரும் குற்றங்கள். அப்படியிருந்தும், முனையில்லாத ஈட்டியைக் கையில் ஏந்தி ஒரு முதியவர் முன்வந்து சமாதானம் செய்தார். அந்த முதியவரை விட்டுவிட்டு இந்தச் சம்பவத்தை எழுதுவது பாதிக் கதையை எழுதுவதாகும். ('கங்காரு' என்றால் 'எனக்குத் தெரியாது' என்பதும் கட்டுக்கதையே, அம்மொழியில் 'கங்குரு' என்பது ஒரு வகைக் கங்காருவின் பெயர்.)

வாய்மொழி வரலாற்றைத் 'தேதி தெரியாத புராணம்' என்று ஒதுக்குவோரும் உண்டு. குக் ஒருபோதும் கால்வைக்காத, வட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ஆற்றுப் பகுதியில், அவர் வந்து நிலத்தைப் பறித்த கதையை மூத்தோர் சொல்கிறார்கள். அங்கே குக் என்பது ஒரு மனிதரின் பெயராக மட்டும் நிற்காமல், கேளாமல் வந்து எடுத்துக்கொண்ட ஆட்சி முழுவதையும் குறிக்கிறது. நினைவின் நுணுக்கத்தை ஐயுறுவோர் தென்மேற்கின் நூங்கர் மக்களைப் பார்க்கலாம்: 1801-ன் இறுதியில் ஆங்கிலேயக் கடலோடி ஃபிளிண்டர்ஸின் கடற்படை வீரர்கள் நடத்திய அணிவகுப்பை அவர்கள் நடனமாக்கிக் காத்தார்கள், நூறாண்டு கழித்தும் அதை நினைவிலிருந்து சொல்ல ஒருவர் இருந்தார்.

தமிழில் எழுதுவோர் மட்டும் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. கால்டுவெல் சில ஆஸ்திரேலிய மொழிகளின் 'நான்', 'நீ' போன்ற மூவிடப் பெயர்களில் கண்ட ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு "அவர்கள் தமிழரே" என்று முழங்குவது, அன்பினால் செய்தாலும், அம்மக்களின் சொந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறது.

கடைசியாக, பொருள்களின் பெயர். கமேயில் குடில்களிலிருந்து குக்கின் ஆட்கள் நாற்பது, ஐம்பது ஈட்டிகளை அள்ளிச் சென்று, மணிகளை விட்டுவந்தார்கள். மறுநாள் பார்த்தபோது அந்த மணிகள் தொடப்படாமல் கிடந்தன. ஈட்டி முனைகளில் விஷம் இருக்குமோ என்று முதலில் அஞ்சிய, குக்குடன் வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ், அவற்றில் ஒட்டியிருந்த கடற்பாசியைக் கண்டு மீன் குத்தப் பயன்பட்டவை என்று உணர்ந்தார். அவற்றை 'ஆயுதங்கள்' என்று எழுதுவதற்கு முன் அந்தக் கடற்பாசியை நினைக்க வேண்டும். எஞ்சிய நான்கு ஈட்டிகள், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிடமிருந்து 2024 ஏப்ரலில் கமேக் கரையில் வாழும் லா பெரூஸ் பழங்குடிச் சமூகத்தாரின் கைக்குத் திரும்பின.