ஸ்ட்ராபெரிக்கு முதலில் கூரை போடுங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் வீட்டோரமாகக் கொஞ்சம் ஸ்ட்ராபெரி வைத்து, சனி ஞாயிறில் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறி வரும் கார்க்காரர்களிடம் விற்கலாமா? விற்கலாம், ஆனால் நாற்று வாங்குவதற்கு முன்னால் கூரையைப் போடுங்கள். இதே மலையில் மேலே இருக்கும் தானா ராத்தா ஊர் சுமார் 1,440 மீட்டர் உயரம், ரிங்லெட்டில் நாம் அதைவிடக் கீழே, சூடு கொஞ்சம் கூடத்தான், இருந்தாலும் காய்க்கும். கெடுப்பது மழை. பூவும் பழமும் நனைந்துகொண்டே இருந்தால் சாம்பல் பூஞ்சை பிடித்துவிடும். முதல் வருடம் நான் திறந்தவெளியில் வைத்த முப்பது செடியில் வீட்டுப் பிள்ளைகள் தின்னக்கூடப் பழம் மிஞ்சவில்லை.

வெளிச்சம் விடுகிற, வெயிலைத் தாங்கும் யூவி பிளாஸ்டிக் போதும். பழைய தகரம் சும்மாதானே கிடக்கிறது என்று அதைப் போட்டால் நிழலில் செடி இலையாகவே நிற்கும். பக்கங்களை மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும், தேனீயும் உள்ளே வர வேண்டும். மகரந்தம் சரியாகச் சேராத பூதான் கோணல்மாணலாகக் காய்க்கிறது. தேனீயைக் காணோம் என்றால் பிள்ளைகளின் பெயின்ட் பிரஷால் பூவின் நடுவில் மெதுவாகச் சுற்றித் தடவிவிடுங்கள்.

செடி நடும் பிளாஸ்டிக் பையான போலிபேக்கைத் தரையில் வைக்காமல் இடுப்புயரப் பலகைமேல் வையுங்கள். நத்தைத் தொல்லை குறையும், முதுகும் பிழைக்கும். உள்ளே தேங்காய் நார்த்தூள், அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு நிரப்புங்கள். நடும்போது குருத்து மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும், அதனால் இந்த இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்.

உரத்துக்கு எல்லாரும் போடும், ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும் ஏபி உரம்தான். ஏ-யையும் பி-யையும் கெட்டியாக ஒன்றாக ஊற்றாதீர்கள். ஏ-யில் உள்ள கால்சியம், பி-யில் உள்ள பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும், செடிக்குப் போய்ச் சேராது. வாளித் தண்ணீரில் ஒன்றைக் கரைத்த பிறகு மற்றதை ஊற்றுங்கள். தண்ணீர் காலையில், வேரில் மட்டும்.

முதல் ஒரு மாதம் வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, எனக்கும் வரவில்லை, ஆனால் வேர் பிடிக்காத செடி இரண்டு பழம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கொடி ஓடினால் வெட்டி எறியாமல் அதன் நுனியைச் சின்னப் பையில் பதியுங்கள், மூன்று நாலு வாரத்தில் வேர்விட்டதும் தாய்ச்செடியிலிருந்து அறுத்துவிடலாம், அடுத்த தடவை நாற்றுக்குக் காசு செலவில்லை. இலைக்கு அடியில் செம்பேன் என்ற பொடிப் பூச்சி வருகிறதா என்று அடிக்கடி திருப்பிப் பாருங்கள்.

பூத்து நாலைந்து வாரத்தில் பழம். பறித்த பிறகு நிறம் கூடினாலும் இனிப்பு ஏறாது, அதனால் காம்புப் பக்கம் வெள்ளையாக இருக்கும்போதே பறிக்காதீர்கள். தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் அரைப்பழமாகப் பறிக்கத்தான் வேண்டும்; நம்மிடம் வாங்குகிறவர் காரில் ஏறியதுமே தின்னப்போகிறார், முழுச் சிவப்பைக் கொடுக்க நம்மால் முடியும். விடிந்ததும் காம்போடு கிள்ளி, கழுவாமல், சின்ன டப்பாவில் ஒரே அடுக்காக நிழலில் வையுங்கள். மதியத்துக்குமேல் மிஞ்சியது ஜாமுக்கு.

செடியோடு போலிபேக்கும் விற்கும். கீழே சமவெளியில் இருக்கும் கிள்ளானுக்குக் கொண்டு போகிறேன் என்பவரிடம், அந்தச் சூட்டில் பழத்தை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் விற்கிறேன். அப்படியும் பாதிப் பேர் வாங்கிப் போகிறார்கள்.